பெட்டிக்கு ஓய்வு

அக்டோபர் 4, சனி

காலையில் மூட்டம். கீழைக்காற்று. வெயில் பதினோரு மணிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இந்த வருஷ உப்பு இவ்வளவுதான். இனி வாருவதற்கு ஒன்றுமில்லை, வாரியதைக் காப்பாற்றினால் போதும்.

செய்ய வேண்டியவை:
— உப்பு அம்பாரத்துக்கு இன்னொரு தார்ப்பாய். மேற்குப் பக்கம் கிழிசல்.
— கயிறு.
— உப்பளத்து மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவர.
— துளசி, வெல்லம். புரட்டாசிச் சனி. மறந்தால் என் பெண்டாட்டி கௌரி என்னைத்தான் தளிகை போடுவாள்.

மருமகள் நித்யா மதியம் கீழ்புத்துப்பட்டுக்குப் புறப்பட்டாள். அம்மா வீடு. அந்த அம்மா வாசலில் வழுக்கி விழுந்து கால் வீங்கிக் கிடக்கிறாராம். புதன்கிழமை வந்துவிடுவேன் என்றாள். மகன் சரவணனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். புதுச்சேரிக் கம்பெனியிலிருந்து காலையில் வந்து விழுந்தால் சாயங்காலம்தான் கண் திறப்பான். பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன்.

போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். அவளுடைய கம்ப்யூட்டரை யாரும் நிறுத்த வேண்டாம். ஒரு கல்யாணத்துப் படமெல்லாம் திண்டிவனம் ஸ்டூடியோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நம் ஊர் நெட்டுக்கு இரண்டு மூன்று நாளாகும். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

கல்யாண ஆல்பம் செய்கிற வேலை அவளுக்கு. போட்டோ எடுப்பது ஸ்டூடியோக்காரர், அதை அடுக்கி, ஒட்டி, பூப்போட்டு அழகு பண்ணுவது இவள். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். வரும்போதே அந்தப் பெட்டியோடுதான் வந்தாள். காலையில் எனக்கு அதில் மேகப் படம் பார்த்துச் சொல்வாள். "மாமா, ரெண்டு நாளைக்கு மழை இல்ல, தைரியமா வாருங்க." ரேடியோக்காரனை விட இவள் சொல்வது பலிக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மூட்டம்தான். புழுக்கம். சட்டை உடம்பை விட்டு வரமாட்டேன் என்கிறது.

பெட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆளில்லாத அறையில் உர் உர் என்று. நேற்று மதியத்திலிருந்து ஒரு நிமிஷம் ஓய்வில்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. முப்பது வருஷமாக அளத்தில் மோட்டார் ஓட்டுகிறவன் நான். எத்தனை மோட்டாரில் காயில் கம்பி எரிந்துபோய் நின்றிருக்கிறேன். நாலு மணி நேரம் ஓட்டினால் ஒரு மணி நேரம் ஆற விட வேண்டும், இல்லாவிட்டால் புகை வரும். மாட்டுக்கும் மோட்டாருக்கும் மனுஷனுக்கும் ஒரே சட்டம்தான்.

டீக்கடையில் கேட்டேன். ஒருத்தர், டிவி மாதிரிதான், பார்க்காதபோது நிறுத்திவிட வேண்டியதுதானே என்றார். இன்னொருத்தர், பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி, நிறுத்தவே கூடாது, நிறுத்தி நிறுத்திப் போட்டால்தான் கெடும் என்று அடித்துச் சொன்னார். கடற்கரைக் குப்பத்து ஆள் ஒருவர், நம் ஊர்க் காற்றுக்கு எது ஓடினாலும் கெடும், ஓடாவிட்டாலும் கெடும் என்று எழுந்து போய்விட்டார். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அறைக்குள் போய்ப் பெட்டி மேல் கை வைத்துப் பார்த்தேன். ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றி போலக் கொதித்தது. மேலே நான் வைத்த உப்புப் பொட்டலமும் சுடச்சுட இருந்தது.

(அந்தப் பொட்டலம் என் வேலை. போன மாசம் வைத்தேன். சட்டியில் வறுத்த உப்பு, பழைய வேட்டித் துணியில் முடிந்து, பெட்டியின் தலையில். பீரோவில் துணி பூஞ்சை பிடிக்காமலிருக்க எங்கள் வீட்டில் எப்போதும் வைப்பது. வறுத்த உப்பு ஈரத்தைக் குடித்துவிடும். நித்யா முதலில் முழித்தாள். "மாமா, கம்ப்யூட்டர் மேல உப்பா?" அப்புறம் என் முகத்தைப் பார்த்தாளோ என்னமோ, சிரித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.)

சுவரில் சுவிட்சைத் தட்டினேன். உர் நின்றது. ஒரு மணி நேரம் ஆறட்டும், மறுபடி போட்டுவிடலாம், படம் விட்ட இடத்திலிருந்து போகும் என்று கணக்கு. உள்ளபடி சொன்னால் எனக்கு அந்தச் சத்தம் நின்றதில் ஒரு நிம்மதி. நம் வீடு மறுபடி நம் வீடு போல இருந்தது. அப்படி நினைத்தேன்.

பத்து நிமிஷத்தில் மழை. அம்பாரம் ஞாபகம் வந்தது. ஓடினேன்.

அக்டோபர் 6, திங்கள்

மழை. விட்டு விட்டு. நாள் முழுக்க அளத்திலேயே. கிழிசல் பக்கம் கீற்று வைத்துக் கட்டினோம். கொஞ்சம் கரைந்துதான் போனது. இடுப்பு கழன்றுவிட்டது. சாப்பிட்டேன், படுத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

தூறல். ஈரக் காற்று. தீப்பெட்டி நமுத்துப் போய்க் கௌரி காலையிலேயே புலம்பல்.

அடுப்படியில் அவள் உப்பு ஜாடியைச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். "பாருங்க, எப்படிக் கசியுது" என்றாள். பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. 

அறைக்குள் ஓடினேன். பெட்டி சில்லென்று கிடக்கிறது. பொட்டலம் நனைந்து தொப்பல். துணியிலிருந்து உப்புத் தண்ணீர் இறங்கி, தலையிலிருக்கும் சல்லடை வழியாக உள்ளே போய், அடியில் வழிந்து, மேஜையில் குட்டை கட்டி நிற்கிறது.

பெட்டி சூடாக இருந்தவரை பொட்டலம் காய்ந்துகொண்டே இருந்தது. நான் அணைத்தேன், அது ஆறியது, இரண்டு நாள் மழைக்காற்றைக் குடித்துக் குடித்துக் கசிந்துவிட்டது. ஈரக்காற்றில் உப்பு கசியும் என்று எனக்குத் தெரியாதா? தார்ப்பாய் போட்டு மூடுவதே அதற்குத்தானே? ஊருக்கெல்லாம் உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவன். அறுபதை நெருங்கும் உப்பளத்துக்காரன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கௌரியிடம் கேட்டேன், இந்த அறையைக் கூட்டவில்லையா என்று. கூட்டினேனே, அது சத்தம் போட்டா என்ன, போடலன்னா என்ன என்றாள். கரண்ட் கூட ஒரு நாளும் போகவில்லை. அதன் மேல் பழி போடவும் வழியில்லை.

செய்தது, வரிசையாக எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை:

பொட்டலத்தை எடுத்துக் கொல்லையில் முருங்கைக்கு அந்தப் பக்கம் வீசினேன். மேஜையைத் துடைத்தேன். பெட்டியைத் துடைத்தேன். சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் இல்லை. உர் இல்லை, வெளிச்சம் இல்லை. மறுபடி போட்டேன். மறுபடி.

கடைசியாகச் செய்ததுதான் மோசம். சுவிட்சை அப்படியே போட்டபடி விட்டுவிட்டு வந்தேன். நித்யா விட்டுப்போனபோது எப்படி இருந்ததோ அப்படி.

கௌரி மதியம் வத்தக்குழம்பு வைத்திருந்தாள். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். எப்படி இறங்கியதோ.

அக்டோபர் 8, புதன்

வெயில். இன்றைக்கு என்று பார்த்து நல்ல வெயில்.

நித்யா பத்து மணிக்கு வந்தாள். அம்மாவுக்குப் பரவாயில்லையாம், நெல்லிக்காய் கொடுத்தனுப்பியிருந்தார். பையை வைத்துவிட்டு நேரே அறைக்குத்தான் போனாள். நான் வாசலில் நெல்லிக்காயை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். காது மட்டும் உள்ளே.

சுவிட்சைத் தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. அப்புறம் வெளியே வந்து, கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை மாமா என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்படியா என்று கேட்டேன். நல்லா நடிச்சடா பாவி.

சரவணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ஆட ஆரம்பித்தான். ராத்திரி பகல் ஓடவிட்டால் எந்த மிஷின்தான் தாங்கும், ஊருக்குப் போகிறவள் நிறுத்திவிட்டுப் போக வேண்டாமா, கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா. கௌரியும் சேர்ந்துகொண்டாள், ஃபேனைக் கூட நாம் அணைத்துவிட்டுத்தானே வெளியில் போகிறோம் என்று. நித்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கணும்" என்றாள்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். நான்தான்டா நிறுத்தினேன் என்று. வாயில் கொழுக்கட்டை. ஒரு நெல்லிக்காயைப் போட்டுக் கடித்தேன். புளிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, நல்ல சாக்கு.

அக்டோபர் 9, வியாழன்

வெயில். லேசான மேகம் தெற்கே.

ஸ்டூடியோக்காரர் போன் பண்ணினார். நித்யா கொல்லையில் நின்று பேசினாள், ஆனாலும் அவர் கத்தியது எனக்குக் கேட்டது. பாதிப் படம்தான் வந்திருக்கிறதாம். பெண் வீட்டார் கழுத்தில் கத்தி வைக்கிறார்களாம். இந்த ஆல்பத்தை வேறு ஆளிடம் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அவள் சரிங்க, சரிங்க, என் தப்புதாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போனை வைத்துவிட்டுத் துவைக்காத துணியை எல்லாம் எடுத்துப்போட்டுத் துவைத்தாள்.

இன்று மூன்று தடவை சொல்லப் போனேன்.
முதல் தடவை: துவைக்கிற கல்லருகே. "ஏம்மா நித்யா" என்றேன். என்ன மாமா என்றாள். சோப்பு இருக்குதா என்று கேட்டேன்.
இரண்டாம் தடவை: அடுப்படி. கௌரி இருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.
மூன்றாம் தடவை: சரவணனிடமே சொல்லிவிடலாம் என்று அவன் தலைமாட்டில் போய் நின்றேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். சின்ன வயதில் தூங்குகிற மாதிரியே. வந்துவிட்டேன்.

பயம் எதற்கு? யார் என்னை என்ன செய்துவிடப் போகிறார்கள்? யோசித்துப் பார்த்தால் திட்டுக்குப் பயமில்லை. 'கம்ப்யூட்டர் மேல உப்பா' என்று அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பு போய்விடும் என்றுதான். கேவலம்.

கயிறு வாங்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் பனி மாதிரி மூட்டம், அப்புறம் தெளிந்தது.

நித்யாவும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி போனோம். சரவணன் தூங்கட்டும், நான் வருகிறேன் என்று நானே முந்திக்கொண்டேன். பஸ்ஸில் பெட்டி என் மடியில். கண்டக்டர், பெரியவரே அதைக் கீழே வையுங்களேன் என்றார். வைக்க மனசில்லை. கீழ்புத்துப்பட்டு வந்ததும் நித்யா எட்டிப் பார்த்தாள், அவர்கள் தெரு முனை தெரியும்.   பெரிய முதலியார்சாவடி வருவதற்குள் மடி மரத்துப் போய்விட்டது.

ரிப்பேர்க் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. 

"இவ்ளோ உப்பா? எந்த ஊருங்க?"

மரக்காணம் என்றாள் நித்யா.

"அப்போ சரி. கடல் காத்துங்க. உங்க ஊருல இருந்து வர்றதெல்லாம் இப்படித்தான்."

முடிந்தது. ஒரே வார்த்தையில் எனக்கு விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டார். நான் செய்தது கடல் செய்ததாகிவிட்டது. சந்தோஷப்பட்டேனா? பட்டேன். மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த நிமிஷமே என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

படங்கள் இருக்கும் பாகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, போர்டுதான் போய்விட்டது, வேறு போட வேண்டும் என்றார். நித்யா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் கேட்டேன், சும்மா இருக்கும்போது இதை நிறுத்துவதா வேண்டாமா என்று. கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கெல்லாம் நிறுத்த வேண்டியதில்லை என்றார். ராத்திரி ஒரு வேலையும் ஓடவில்லை என்றால் தாராளமாக நிறுத்தலாம், அதுவும் உள்ளே நிறுத்திவிட்டு அப்புறம்தான் சுவர் சுவிட்சு, எடுத்தவுடன் சுவரில் கை வைக்கக் கூடாது. ஓய்வு கொடுக்க வேண்டாமா, மோட்டாருக்குக் கொடுக்கிறோமே என்றேன். சிரித்தார். அதற்குச் சூடு தெரிந்தால் அதுவே ஃபேனை வேகமாக ஓட்டிக்கொள்ளும், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்றார். உங்கள் ஊருக்கு மழைக்காலத்தில் தினம் கொஞ்ச நேரமாவது ஓடுவதுதான் நல்லது, ஈரம் தங்காது என்றும் சொன்னார்.

நித்யா அந்த வெள்ளைப் பூவை ஒரு விரலால் தொட்டாள். தொட்டு, துப்பட்டா நுனியில் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 11, சனி

வெயில். தளிகை. வடை நன்றாக இருந்தது, சொல்ல மறந்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் சரவணன் ஆரம்பித்தான். இன்றைக்கு அவனுக்கு லீவு. கடல் காற்று என்று கடைக்காரர் சொன்னதை நித்யா அவனிடம் சொல்லியிருக்கிறாள். போர்டு மாற்றினாலும் அடுத்த மழைக்கு மறுபடி போகும், இந்த ஊரில் இருந்துகொண்டு அவள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கவே முடியாது என்கிறான். இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு வீடு இருக்கிறதாம். கூட வேலை செய்கிறவனுடைய மாமனார் வீடு, மாடி. கடலிலிருந்து தள்ளி. கம்பெனிக்கும் கிட்டே. போய்விடலாம் என்று பார்க்கிறேன் என்றான். புதன்கிழமை பொண்டாட்டியைத் திட்டினவன், இன்று அவளுக்காகப் பேசுகிறான். அவனைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

கௌரி இலையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தனிக்குடித்தனம்னு சொல்லிட்டுப் போடா. கம்ப்யூட்டர் மேல ஏன் போடற?"

அவன் இலையை மடித்தான். நித்யா எழுந்து இலைகளை எடுத்தாள். புரட்டாசியில் யாராவது வீடு மாறுவார்களா என்று மட்டும் கௌரி கேட்டாள். ஐப்பசி பிறந்ததும்தான் என்றான். அதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது என்பதை அவள் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன்.

 சாயங்காலம் கௌரி என்னிடம் வந்து, நீங்க சொன்னா அவன் கேப்பான், வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன் என்றாள். அழுதிருக்கிறாள். ராத்திரி சாப்பிடவும் இல்லை.

சொல்லலாம். அதுதான் வேடிக்கை. நான் உண்மையைச் சொன்னால் போதும். கடலும் இல்லை, காற்றும் இல்லை, உங்கப்பன் வைத்த உப்பு, உங்கப்பன் அணைத்த சுவிட்ச் என்று சொன்னால், வீட்டின் மேல் குற்றமில்லை, ஊரின் மேல் குற்றமில்லை, போக வேண்டிய அவசியமே இல்லை. புதன்கிழமை அவளுக்காகச் சொல்லாதவன், இன்று எனக்காகச் சொல்வேனா? அவள் பேச்சு வாங்கியபோது திறக்காத வாய், வீடு காலியாகப் போகிறது என்றதும் திறக்கத் துடிக்கிறது. நான் எந்த மாதிரி மனுஷன் என்று எனக்கே தெரியவில்லை.

இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். முதலில் அவளிடம். நாளைக்கு.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் சின்னத் தூறல், எட்டு மணிக்கு நின்றுவிட்டது.

கௌரி கோயிலுக்குப் போயிருந்தாள். சரவணன் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்க. நித்யா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். சோப்பைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன். நான்தாம்மா நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை. சூடாக இருந்தது, ஆறட்டும் என்று. அப்புறம் மறந்துவிட்டேன். உப்பு கசிந்துவிட்டது. பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டேன். சுவிட்சைப் போட்டு வைத்தேன், நீ கண்டுபிடிக்கக் கூடாது என்று.

கையிலிருந்த புடவையை உதறிக் கொடியில் போட்டாள். இரண்டு பக்கமும் இழுத்து நேராக்கினாள்.

"தெரியும் மாமா."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

படம் போவது அவள் செல்போனிலேயே தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம், சட்டென்று நின்றுவிட்டதாம். யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது. போன் பண்ணலாம் என்று எடுத்தாளாம். மாமாவாகத்தான் இருக்கும், கேட்டால் சங்கடப்படுவார், காலையில் அவரே போட்டுவிடுவார் என்று வைத்துவிட்டாளாம். அது என் தப்புதானே மாமா என்றாள். உப்பு விஷயம் கடையில் பெட்டியைத் திறந்தபோதுதான் புரிந்ததாம். பொட்டலம் காணோம் என்பதை வந்த அன்றே கவனித்துவிட்டாள்.

அவன் உன்னைத் திட்டினானே, எல்லாரும் திட்டினோமே, ஏம்மா சொல்லவில்லை என்றேன். உங்களை எல்லார் முன்னாடியும் எப்படி மாமா சொல்வது என்றாள்.  சரி, இப்போதே சரவணன் வந்ததும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போக வேண்டாம், கௌரியும் சாப்பிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று படபடவென்று சொன்னேன்.

அவள் அடுத்த துணியை எடுக்கவில்லை. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லாதீங்க மாமா."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்குப் போகணும் மாமா. நான் கேட்டா அவர் வர மாட்டாரு. இப்போ அவரே போலாம்னு சொல்லிட்டாரு."

அப்புறம் அடுத்த துணியை எடுத்துப் பிழிந்துகொண்டே, மெதுவாக:

"இங்க நான் எழுந்து நின்னு ஏதாவது செஞ்சாத்தான் வேலை. உக்காந்து செஞ்சா யாருக்கும் அது வேலையாத் தெரியல. நீங்க நல்லவருதான். ஆனா நீங்க கூட, நான் இல்லன்னா அது சும்மா ஓடுதுன்னு தானே நினைச்சீங்க? ஓடிட்டு இருந்தது என் வேலை மாமா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் தோளில் விழுந்திருந்த முருங்கைப் பூவைத் தட்டிவிட்டாள், மகள் செய்வது போல. அதுதான் தாங்கவில்லை. நான் அந்த உர் நின்றதும் வீடு வீடாக இருந்தது என்று நினைத்தேனே. அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

சரிம்மா என்றேன். 

கௌரி கோயிலிலிருந்து சுண்டலோடு வந்தாள். பேசினீங்களா என்று கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். சுண்டலை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

பளிச்சென்று வெயில். பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர், வானம் அப்படியே உள்ளே தெரிகிறது. கயிறு வாங்கினேன்.

மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வரப்பில் சரவணன் வருகிறான். அளத்துக்கு அவன் வந்து எத்தனை காலம் ஆயிற்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளக் கூட மறந்துபோய்ச் சேற்றில் வழுக்கி வழுக்கி வந்தான். ஸ்பேனரை வாங்கிக் கடைசி நட்டை அவனே கழற்றினான். கை இன்னும் மறக்கவில்லை.

அம்மா நேற்று ராத்திரியும் சாப்பிடவில்லை என்றான். தெரியும் என்றேன். அவனுக்கும் மனசு சரியில்லை. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு மட்டும் போக ஆசையா என்றான். மாடி வீட்டுக்காரருக்கு இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மோட்டாரை இரண்டு பேருமாகத் தூக்கி வரப்பில் வைத்தோம். அவன் உட்கார்ந்துகொண்டான்.

"அப்பா, நெசமா சொல்லு. அது கடல் காத்துதானா? இல்ல, இவ நிறுத்தாம போனதாலயா? அதுதான்னா விட்டுடலாம்பா. நாலு நாள் சொன்னா நிறுத்தக் கத்துக்குவா. இங்கயே இருந்துடலாம். நீ ஒரு வார்த்தை சொல்லு."

என்னிடம் கேட்கிறான். ஊரில் இத்தனை பேர் இருக்க என்னிடம். அவள் மேல் போட்டால் இருப்பார்கள். என் மேல் போட்டுக்கொண்டாலும் இருப்பார்கள். கௌரி இன்றைக்கே சாப்பிடுவாள். தீபாவளிக்கு வீட்டில் ஆள் இருக்கும். காலையில் எனக்கு மேகம் பார்த்துச் சொல்ல ஒரு பெண் இருக்கும்.

ஸ்பேனரை வேட்டியில் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

"கடல் காத்துதான்பா. நிறுத்தினாலும் சரி, ஓடவிட்டாலும் சரி, நம்ம வீட்டுல அது நிக்காது. கூட்டிட்டுப் போ."

அவன் எழுந்தான். அப்புறம் வரப்பில் நின்றபடியே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அப்பாவே சொல்லிட்டாருங்க, ஞாயித்துக்கிழமை வந்துடறோம் என்றான்.